உப்புவெளியில் பழைய ஓட்டு வீடு, சோலார் போடலாமா?

உப்புவெளிப் பெடியன்:
கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் முந்நூறு மீற்றர்கூட இல்லை. அப்பா கட்டின ஓட்டு வீடு. ஒரு ஏசி, கிணற்று மோட்டார், இரண்டு பிரிட்ஜ் (அம்மா ஐஸ்பழம் விற்கிறா), கரண்ட் பில் வந்தாலே அப்பாவுக்குப் பிரஷர் ஏறுகிறது. 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். உப்புக்காற்றுக்குத் தாங்குமா? கரண்ட் போனாலும் லைட் எரியும்தானே?

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, பனலை விடுங்கள், முதலில் நட்டைப் பாருங்கள். நாங்கள் பூட்டி இரண்டு மாரி முடிய ஏறிப் பார்த்தால் கண்ணாடி பளபள என்று இருக்கிறது, கிளாம்ப் எல்லாம் கறள் பிடித்து, அது வடிந்து ஓட்டில் மண்ணிறக் கோடு. திரும்பக் கழற்றிப் பூட்டக் கூலி வேறு. 316 தர ஸ்டெயின்லெஸ் (உப்புக்காற்றுக்குக் கூடத் தாங்கும் ஸ்டீல்) என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் தூசியும் உப்பும் படியும், விடியக்காலையில் வெறும் தண்ணீர் அடித்தால் போதும். கண்ணாடி சுடும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

கம்பிக்காரன்:
எரியாது. சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி லைனோடு சேர்க்கும் பெட்டி) லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவனுக்கு ஷொக் அடிக்கும். 2025 பெப்ரவரி 9 இலங்கை முழுக்கக் கரண்ட் போனபோது நல்ல வெயில், கூரை நிறையப் பனல் இருந்தும் நான் விசிறி மட்டையோடுதான் இருந்தேன். லைட் எரிய வேண்டுமென்றால் பற்றரியும், அதோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், விலை வேறு.

அப்புறம், 5 கிலோவாட்டுக்கு 550 வாட் பனல் 9 வரும், எல்லாம் சேர்த்து 250 கிலோ அளவில். கைமரத்தைத் தச்சரிடம் காட்டாமல் ஏற்ற வேண்டாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்று கணக்குப் போடலாம், கார்த்திகை மார்கழியில் அது வராது. பக்கத்தில் தென்னை நிற்கிறதா? வரிசையில் ஒரு பனலில் ஓலை நிழல் விழுந்தாலும் மொத்தமும் குறையும்.

உப்புவெளிப் பெடியன்:
நிற்கிறது அண்ணை, கிழக்குப் பக்கம், அம்மம்மா வைத்தது. வெட்டுவது என்று வாயைத் திறந்தால் எனக்குச் சோறு இல்லை.

கம்பிக்காரன்:
அப்ப மரம் நிற்கட்டும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றக் கூரையில் 3 கிலோவாட் போடுங்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒருக்கால் ஏறி, நிழல் எதுவரை வருகிறது என்று சோக்கால் கோடு போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.