காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வண்டி உதறுகிறது; பிளக், காயில் மாற்றியும் சரியாகவில்லை

கோத்தகிரி டீச்சர்:

வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 1.2 லிட்டர். லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் முதல் தடவை எடுக்கும்போது மட்டும் முக்கி முக்கித்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு நிமிடம் வண்டியே உதறும், என்ஜின் லைட் விட்டுவிட்டு எரியும், அப்புறம் சீராக ஓடும். பகலில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் தொந்தரவே இல்லை. மலைக்குளிர் என்று நினைத்துப் பேட்டரி மாற்றினோம். பிறகு நாலு பிளக்கும் மாற்றினார்கள். ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர் எரியாமல் மிஸ் ஆகிறது என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்ததால், அந்த சிலிண்டர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும் புதிது போட்டாச்சு. கோடு மாறவில்லை. இப்போது பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ஈரோடு வண்டிக்காரன்:

ராத்திரி பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிட்டாலும் இப்படி ஆகும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்ப் சத்தம் நிற்கும்வரை விட்டு, ஆஃப் செய்யுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பட்டென்று பிடித்தால் பம்ப் பக்கம் தேடலாம்.

சிங்காநல்லூர் மெக்கானிக்:

அந்தச் சோதனைக்குச் செலவில்லை, செய்து பாருங்கள். ஆனால் அழுத்தம் இறங்கினால் நாலு சிலிண்டரும் திணறும். உங்களுக்கு எப்போதும் மூன்றாவது மட்டும்தான் மிஸ் ஆகிறது. இன்ஜெக்டருக்குக் காசு கொடுக்கும் முன் சிலது சொல்லுங்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறதா? காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? எப்போதாவது ஓவர்ஹீட் ஆனதா? கழற்றிய மூன்றாம் பிளக் எப்படி இருந்தது?

கோத்தகிரி டீச்சர்:

பம்ப் சோதனை செய்தேன் அண்ணா, மாற்றமில்லை. கூலன்ட் டப்பாவில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் கீழே சொட்டுவதில்லை. புகை வருகிறது, இங்கே குளிரில் எல்லா வண்டியிலும் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். போன கோடையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நெரிசலில் முள் சிவப்புக்குப் போனது. பிளக்கில் மூன்றாவது மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தது, மற்றவை பழுப்பு. ஹெட் கேஸ்கெட்டா (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) என்று கேட்டதற்கு, ஆயில் சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகவில்லை, அதனால் இல்லை என்றார்கள்.

சிங்காநல்லூர் மெக்கானிக்:

டீச்சர், ஆயில் பாலாகவில்லை என்பதை வைத்துக் கேஸ்கெட் நல்லது என்று சொல்லவே முடியாது. கேஸ்கெட் எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. தண்ணீர்ப் பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட்டிருந்தால் ஆயிலுக்குள் ஒரு சொட்டும் போகாது. நீங்கள் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

நடப்பது இதுதான். என்ஜினை நிறுத்திய பிறகும் கூலன்டில் கொஞ்ச நேரம் அழுத்தம் இருக்கும். அது மூன்றாம் சிலிண்டருக்குள் மெல்லக் கசிந்து ராத்திரி முழுக்கத் தங்குகிறது. காலையில் பிளக் நனைந்திருப்பதால் அந்தச் சிலிண்டர் எரியாது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போனதும் சரியாகிவிடும். பிளக்கைக் கழுவியதும் அந்த ஆவிதான். பகலில் நிறுத்தி எடுக்கும் இடைவெளி போதாது, அதனால் தெரிவதில்லை.

ஊகத்தில் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வொர்க்‌ஷாப்பில் சாயங்காலம் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் பம்ப் அடித்து, ராத்திரி அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால், பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் ஒயர்களையும் எடுத்துவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். மூன்றாம் ஓட்டையிலிருந்து தண்ணீர் தெறித்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சிலிண்டரில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் பிஸ்டன் மேலே வர இடமிருக்காது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். லைட் விட்டுவிட்டு எரியும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சுட்டுவிடும்.

ஈரோடு வண்டிக்காரன்:

கூலன்டில் ஊற்றும் லீக் அடைப்பான் கடையில் கிடைக்கிறதே, தற்காலிகமாக உதவாதா?

சிங்காநல்லூர் மெக்கானிக்:

வேண்டாங்க. அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். மலை ஏறுகிற வண்டிக்கு அதுவே அடுத்த ஓவர்ஹீட்.

கோத்தகிரி டீச்சர்:

டெஸ்டர் மாட்டினார்கள். காலையில் அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது, மூன்றாம் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. ஹெட்டைக் கழற்றுகிறார்கள். நான் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

சிங்காநல்லூர் மெக்கானிக்:

நல்லவேளை, ராட் தப்பித்தது. ஹெட் கட்டாயம் லேத்துக்குப் போகட்டும். நேரான பட்டையும் (ஸ்ட்ரெயிட் எட்ஜ்) இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்ப்பார்கள். பெரும்பாலான சின்ன என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் கணக்கு. உங்கள் வண்டியின் அளவை மேனுவலில் பார்க்கச் சொல்லுங்கள். தாண்டியிருந்தால் பரப்பைச் சீவி மட்டமாக்கும் ஃபேஸிங் செய்ய வேண்டும். விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். பிளாக்கின் மேல்பரப்பையும் அதேபோல் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட்டோடு ஹெட் போல்ட்டும் புதிது வாங்குங்கள். மேனுவல் வரிசைப்படி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் படிப்படியாக இறுக்கட்டும்.

அப்புறம், அன்று முள் ஏன் சிவப்புக்குப் போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் வண்டியை வாங்காதீர்கள். நெரிசலில் சூடானது என்றால் முதலில் ரேடியேட்டர் ஃபேன், பிறகு கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். ரேடியேட்டர் மூடியை எப்படியும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிப்பைத் தள்ளிப்போடுவது மூடி பிடிக்கும் அழுத்தம்தான்; அழுத்தம் பிடிக்காத மூடியோடு மலை ஏறக் கூடாது. வெறும் தண்ணீர் வேண்டாம், மேனுவலில் சொன்ன கூலன்ட் ஊற்றி, காற்று போக்கி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி எடுங்கள். முதல் சில நாள் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். குறைந்தால் இங்கே எழுதுங்கள்.