முதல் எறும்புக்கு வழி சொன்னது யார்?

என் மகளுக்கு ஆறு வயது. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்குகிற "ஏம்மா", தூங்கும்வரை ஓயாது. ஒருநாள் தோசைக்கல் ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், வேன் வரப் பத்து நிமிடம். மேடையை எட்டிப் பார்த்துக்கொண்டு, "எறும்பு ஏம்மா வரிசையா போகுது? முதல் எறும்புக்கு யாரும்மா வழி சொன்னாங்க?" என்றாள். "வாய் வலிக்கலையா உனக்கு? போய் ஷூவைப் போடு" என்று எரிந்து விழுந்தேன். அன்று சாயங்காலம் அவள் எதுவுமே கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை நானே கூப்பிட்டேன். மேடையில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்துக் காத்திருந்தோம். வரிசை பிடித்ததும், ஈர விரலால் குறுக்கே ஒரு கோடு துடைக்கச் சொன்னேன். அங்கே வந்த எறும்பு சட்டென்று நின்றது. மீசையை ஆட்டி ஆட்டித் தரையைத் தடவியது, திரும்பியது, பின்னால் வந்தவற்றோடு முட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒரே குழப்பம். அப்புறம் ஒன்று தடவித் தடவிக் கடந்துபோக, வரிசை மறுபடி ஒட்டிக்கொண்டது. சர்க்கரையை முதலில் கண்ட எறும்பு யாரும் வழி சொல்லி வரவில்லை, அலைந்து திரிந்து கண்டுபிடித்தது, திரும்பும்போது வயிற்றால் தரையில் ஒரு வாசனையை இட்டுக்கொண்டே போகும் என்று சொன்னேன். "அப்போ மூக்கு எங்கே?" என்றாள். அந்த மீசைதான் மூக்கு என்றதும் கண் விரிந்தது.

எல்லா நேரமும் இப்படி உட்கார முடியாது, உண்மைதான். வேலை நடுவே கேட்டால், கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி டப்பாவில் போடச் சொல்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும் ஒன்றை எடுப்போம். எடுக்காமல் ஏமாற்றியதில்லை. அதில்தான் அவள் நம்பிக்கை நிற்கிறது.

தெரியாததற்கு வாய்க்கு வந்ததைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். திருச்செந்தூரில் கடல் ஏன் நீலம் என்று கேட்டபோது, வானத்தின் நிறம் தெரிகிறது என்று முடித்துவிட்டேன். பிறகு படித்தால், 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன் ஏற்க மறுத்த பதிலே அதுதான்! ஒரு பட்டகத்தை வைத்து நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பைத் தடுத்துப் பார்த்திருக்கிறார், நீலம் போகவில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது, மிஞ்சும் நீலம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. கையளவு நீரில் அது தெரியாது. "அம்மா அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்" என்று அவளிடம் திருத்திச் சொன்னேன்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த தாத்தாவை மேடை முன்னால் நிற்கவைத்து, விரலை நனைத்து அவளே வரிசையைத் துடைத்துக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தவர், "சரி கண்ணு, மழை பெஞ்சு வாசனை மொத்தமும் போயிட்டா என்ன பண்ணும்?" என்றார்.

அவள் காலண்டர் தாளைத் தேடி ஓடினாள்.