‘பை’யா, ‘அன்டில்’லா? கொஞ்சம் சொல்லிக் கொடுங்க

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். போன வாரம், சாம்பிள் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும் என்று சொல்ல ‘பை ஃப்ரைடே’ போடாமல் ‘அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதிவிட்டேன். ‘வெள்ளி வரைக்கும்’ என்று அர்த்தம் மாறி, பையர் குழம்பிப் போய் போன் செய்தார். ‘குள்’, ‘வரை’ என்று தமிழில் யோசித்துப் பார்த்ததும் இது பிடிபட்டுவிட்டது. கடன் கொடுத்தால் லெண்ட், வாங்கினால் பாரோ, அதுவும் சரி.

அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டும்தான் பாடாய்ப் படுத்துகிறது. பெரும்பாலும் முன்னது வினை, பின்னது பெயர் என்று தெரியும். எழுதும்போது கை தடுமாறுகிறது. மழையால் சாயம் காய்வது பாதிக்கிறது, அதன் விளைவாக டெலிவரி தள்ளிப்போகிறது. இந்த மாதிரி எங்கள் வேலையை வைத்தே நாலைந்து வாக்கியம் யாராவது எழுதித் தர முடியுங்களா, அண்ணா, அக்கா?