ஒவ்வோர் இருமலுக்கும் அஞ்சுகிறேன்

கேள்வி (திருப்பூர்): பனியன் நிறுவனத்தில் செக்கிங் வேலை செய்யும் நான், மூன்று ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மாத்திரையை இரவு 9 மணிக்குத் தவறாமல் உட்கொள்கிறேன். வைரல் லோடும் (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய இயலாத அளவில்தான் உள்ளது. ஆயினும் பஞ்சுத் தூசியால் இருமினாலே காசநோயோ என்று உறக்கம் போய்விடுகிறது. என்ன செய்வது?

மறுமொழி (ஈரோடு): தம்பி, எனக்கு இது 14ஆம் ஆண்டு. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை உண்டா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் கேட்பது காசநோயை முன்கூட்டியே கண்டறியத்தான் என்பதால், தூசி என்று நீங்களே முடிவு செய்யாமல் சொல்லிவிடுங்கள். நான் இருமிய நாள்களை நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்துச் சென்று காட்டுவேன். பாதிப் பயம் அந்தத் தாளோடு போய்விடும்.

மறுமொழி (கோபி): கவலையில் வயிறு எரிந்தால் அமில முறிவு மருந்தை உடனே குடித்துவிடாதீர்கள். உங்கள் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால், மாத்திரை போடுவதற்கு 6 மணி நேரம் முன்போ, போட்டு 2 மணி நேரம் பின்போதான் அமில முறிவு மருந்தைக் குடிக்கலாம். நான் இதைத் தாமதமாகவே அறிந்தேன்.

கேட்டவர்: நன்றி அண்ணா. திங்கட்கிழமை விடுப்புச் சொல்லியிருக்கிறேன். சளிப் பரிசோதனைக்குச் செல்கிறேன்.