பதினாறாம் பக்கமா, பதினேழாம் பக்கமா?

வேலந்தாவளத்தான்: 6502 என்ற பழைய கணினிச் சில்லைப்போலவே நடந்துகாட்டும் மென்பொருளான எமுலேட்டரில், மறைமுகத் தாவல் கட்டளை (போகவேண்டிய முகவரியை நினைவகத்திலிருந்து படித்து அங்கே தாவுவது) தவறான இடத்துக்குப் போவதைக் கண்டு, அதை ‘எமுலேட்டர் வழு, கடுமையானது’ என்று வகைப்படுத்தித் திருத்தியும்விட்டதாகக் கொழிஞ்சாம்பாறையார் நேற்று எழுதியிருந்தார். வாழ்த்துகள், சரியாக ஓடியதைக் கெடுத்துவிட்டார். தாவல் முகவரியின் இரண்டு பைட்டுகளில் முதலாவது, நினைவகத்தின் 16ஆம் பக்கத்தில் (ஒரு பக்கத்துக்கு 0 முதல் 255 வரை 256 இடங்கள்) கடைசி இடமான 255இல் இருந்தால், 1975இல் வந்த அந்தச் சில்லு அடுத்த பைட்டை 17ஆம் பக்கத்தில் தேடாது. அதே 16ஆம் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எடுக்கும். கூட்டலில் மீந்த ஒன்று, எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் நிறுத்திய லாரிபோல, எல்லை தாண்டாமல் நின்றுவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறையார்: சோதனை நிரலில் முகவரியின் இரண்டாவது பைட்டை 17ஆம் பக்கத்தில் என் கையால் வைத்தேன். சில்லின் ஒவ்வோர் அடியையும் பதியும் ட்ரேஸில் 16 என்று வந்தால் அதை வழு என்னாமல் வேறென்ன என்பது? பிற்பாடு வந்த 65சி02 சில்லும் 17இலிருந்துதானே எடுக்கிறது?

வேலந்தாவளத்தான்: எடுக்கிறது, அதற்காக அந்தக் கட்டளைக்கு ஆகும் ஐந்து கடிகாரச் சுழற்சிகளை ஆறாக்கிக்கொண்டது. அந்த ஆறாவது சுழற்சியைத் தாங்கள் சேர்த்தீர்களா? சேர்க்கவில்லை. ஆகவே தங்களிடம் இப்போது இருப்பது 6502வும் அன்று, 65சி02வும் அன்று.

செங்கோட்டைக்காரன்: சில்லின் குறை, ஆவணத்தில் எழுதப்படாத நடத்தை, எமுலேட்டர் எழுதியவரின் பிழை ஆகிய மூன்றையும் முதலில் பிரித்துக்கொண்டால் என்ன, அண்ணாச்சி?

வேலந்தாவளத்தான்: பிரிப்பதெல்லாம் பிறகு. 16ஆம் பக்கமா, 17ஆம் பக்கமா?

கொழிஞ்சாம்பாறையார்: சென்ற ஓணத்தின்போது இசட்80 என்ற இன்னொரு பழைய சில்லுக்கான என் எமுலேட்டரில், கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் கொடிப் பதிவேட்டின் 3ஆம், 5ஆம் பிட்டுகளுக்காக நான் இரண்டு இரவுகள் கண்விழித்தேன். ‘ஆவணத்தில் இல்லாத பிட்டுகள் யாருக்குத் தேவை?’ என்று அப்போது ஏளனம் செய்தவர், இன்று சில்லின் குறைக்குக் கோயில் கட்டுகிறார்.

வேலந்தாவளத்தான்: நான் அப்படிச் சொல்லவில்லை, ‘அவசரமில்லை’ என்றுதான் சொன்னேன். மேலும், ‘கொடிப் பதிவேடு’ என்று எழுதினால் கிராம அலுவலகத்து ஆவணம் என்றல்லவா எண்ணத் தோன்றுகிறது?

கொழிஞ்சாம்பாறையார்: ‘மறைமுகத் தாவல்’ மட்டும் செந்தமிழோ? அது வேலி தாண்டும் திருடனுக்கல்லவா பொருந்தும்?

செங்கோட்டைக்காரன்: நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

வேலந்தாவளத்தான்: கிடக்கட்டும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ட்ரேஸ்களில் அந்தத் தாவலின் ஐந்து வரிகளை மட்டும் இங்கே ஒட்டுங்கள். நான்கு முறை கேட்டாயிற்று.

கொழிஞ்சாம்பாறையார்: இதுதான் முதல் முறை. எண்ணுவதிலும் மீந்த ஒன்றைத் தொலைக்கிறவர் தாங்கள்.