தையல் ஆறும்வரை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யாழினி அம்மா:
பிரசவ வலியைப் பற்றி எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. அதற்குப் பிந்தைய வலியைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தையின் தலை வெளிவந்தபோது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோலும் அதனடியில் உள்ள தசையும் கிழிந்துவிட்டன. இரண்டாம் நிலைக் கிழிசல் என்று சொல்லித் தையல் போட்டார்கள். முதல் தடவை சிறுநீர் கழித்தபோது எரிந்த எரிச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் இருந்த செவிலியர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, "சிறுநீர் வரும்போதே இதையும் மேலே ஊற்றிக்கொண்டே இரும்மா" என்றார். சிறுநீர் நீர்த்துப்போவதால் எரிச்சல் பாதியாகிவிடுகிறது. அதன் பிறகு தேய்த்துத் துடைக்காமல், முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுத்தேன். வீக்கத்துக்கு ஐஸ் பையைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை சிலருக்கு ஒத்துக்கொள்ளுமாம். எனக்கு அதில் உட்கார்ந்தாலே தையலை இழுப்பது போலிருந்தது. ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்ததுதான் என்னைக் காப்பாற்றியது.

நிலாமகள்:
நீங்கள் சிறுநீரோடு நின்றுவிட்டீர்கள் யாழினி அம்மா! எனக்கு மலம் கழிப்பதை நினைத்தாலே நடுக்கம். தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் அடக்கி அடக்கி வைத்தால் அது இறுகி இன்னும் மோசமாகும். தண்ணீர் நிறையக் குடித்தேன். மலமிளக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். கால்களை ஒரு சிறு முக்காலியில் உயர்த்தி வைத்து, சுத்தமான பேடு ஒன்றைத் தையல் மேல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைத்தாங்கல் தந்த தைரியத்தைச் சொல்லி மாளாது. தையல் ஒன்றும் பிரியவில்லை. வலிக்கு மருத்துவர் பாராசிட்டமால் தந்தார், பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம் என்றார்.

ஒரு தந்தை:
பெண்கள் பேசுமிடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். என் மனைவியால் அந்த இடத்தைத் தானாகப் பார்க்க முடியவில்லை, என்னைப் பார்க்கச் சொன்னாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தையலின் ஒரு முனை வாய் பிளந்திருந்தது, ஓரமெல்லாம் சிவந்து மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே, வலி குறைந்து வந்தது மறுபடி ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பெரியவர்கள் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்கள். அன்றே மருத்துவமனைக்குப் போனோம். கிருமித்தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மறுதையல் போடவில்லை, அடியிலிருந்து தானாக நிரம்பி ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். மெதுவாகத்தான் ஆறியது, ஆனால் ஆறியது.

செவிலி ஒருத்தி:
தந்தை சொன்னதைக் கவனியுங்கள் தோழிகளே. வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஏறினால், துர்நாற்றம் வந்தால், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால் அது அவசரம். பேடு நனையாவிட்டாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முன்னும் பின்னும் கை கழுவுங்கள். சொந்தமாக எதையும் பூசாதீர்கள்.

கயல்:
எனக்கு மூன்றாம் நிலை, ஆசனவாய்த் தசைவரை கிழிசல். தையல் ஆறிய பிறகும் வாயு என்னைக் கேட்காமலே பிரிந்தது. நாலு பேர் இருக்கும் அறையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் சொன்னேன், பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். வாயுவை அடக்குவது போல் தசையை உள்ளிழுத்து, சில நொடி பிடித்து, முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சிதான் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பல மாதங்கள் பிடித்தன, இப்போது பெரிதும் தேறிவிட்டேன். தாம்பத்தியத்துக்கு அவசரப்படுத்தும் கணவர்களுக்கும் ஒரு சொல்: பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைவால் அங்கே வறட்சி இருக்கும். அவள் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள்.

யாழினி அம்மா:
நேற்றுக் கழுவும்போது சிறு நூல் துண்டு ஒன்று கையோடு வந்தது. பயப்பட வேண்டுமா?

செவிலி ஒருத்தி:
கரையும் நூல்தான் அம்மா, துண்டு துண்டாக உதிரும். புண் பிளக்காமல், புதிதாக இரத்தம் வராமல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.