சிறிய உருண்டை குறைகிறது, பெரிய உருண்டை கூடுகிறது: சிமுலேஷனில் எங்கே கோளாறு?

காமாக்கதிர்: மருத்துவ இயற்பியல் ப்ராஜெக்ட். எலும்பு ஸ்பெக்ட் ஸ்கேன் (உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தின் காமாக் கதிர்களை வைத்து எடுக்கும் முப்பரிமாணப் படம்) தரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, கேட் (GATE) என்ற மென்பொருளில் மான்டி கார்லோ சிமுலேஷன் (ஒவ்வொரு போட்டானின் பாதையையும் தற்செயல் எண்களால் கணக்கிடுவது) ஓட்டுகிறேன். தண்ணீர் ஃபாண்டத்துக்குள் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) ஆக்டிவிட்டி (கதிரியக்கம்) வைத்த உருண்டைகள். டெக்னீசியம்-99எம், 140 கே.இ.வி., 20% விண்டோ (எண்ணிக்கையில் சேர்க்கும் ஆற்றல் வரம்பு), வாக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனசதுரம்) 4.42 மி.மீ. அட்டெனுவேஷன் (வழியில் கதிர் குறைந்துபோவது) திருத்தம் உண்டு. 13 மி.மீ. உருண்டையில் நான் வைத்ததில் பாதிதான் வருகிறது, 37 மி.மீ. உருண்டையில் 15% கூடுதல். கேலிப்ரேஷன் எண் (பதிவான எண்ணிக்கையை ஆக்டிவிட்டியாக மாற்றுவது) இரண்டுக்கும் ஒன்றுதான். எதைப் பிடித்துத் திருத்துவது?

ஃபிலிம்பேட்ஜ்: கேலிப்ரேஷன் காற்றிலா, தண்ணீரிலா? ஸ்கேட்டர் (வழியில் சிதறி வந்த போட்டான்கள்) திருத்தம் போட்டீர்களா?

காமாக்கதிர்: காற்றில், புள்ளி மூலம் வைத்து. ஸ்கேட்டர் திருத்தம் போடவில்லை.

ஃபிலிம்பேட்ஜ்: அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு பிரச்சினை, ஒரே திருகாணியைத் தேடாதீர்கள். 20% விண்டோ என்றால் 126 முதல் 154 கே.இ.வி. வரை. காம்ப்டன் சிதறல் கணக்குப்படி 50 டிகிரி திரும்பி வந்த போட்டானும் அதற்குள் விழும். காற்றில் எடுத்த எண்ணில் அந்தக் கூட்டம் இல்லை, ஃபாண்டத்தில் இருக்கிறது. அதுதான் உங்கள் 15%. நிஜ கேமராவில் இதைப் பக்கத்து விண்டோக்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். சிமுலேஷனில் எந்தப் போட்டான் சிதறியது என்ற பதிவே இருக்கிறதே! சிதறாதவற்றை மட்டும் எடுத்து மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யுங்கள் (எண்ணிக்கையிலிருந்து படத்தைக் கணக்கிட்டு உருவாக்குவது).

வாக்ஸல்வாசி: இடையில் ஒன்று. 13 மி.மீ. உருண்டையின் கனஅளவு சுமார் 1.15 மில்லி. 4.42 மி.மீ. வாக்ஸலில் அது வெறும் 13 வாக்ஸல்தான். விளிம்பு வாக்ஸல்களை எப்படி எண்ணினீர்கள் என்பதிலேயே விடை மாறும். ஃபாண்டத்தையும் வாக்ஸலாகக் கொடுத்திருந்தால், உள்ளே போன மொத்த ஆக்டிவிட்டியை முதலில் கூட்டிப் பாருங்கள்.

காமாக்கதிர்: ஃபாண்டம் வடிவக் கணிதத்தில்தான் இருக்கிறது, மொத்தம் சரியாக வருகிறது. சிதறாதவற்றை மட்டும் எடுத்ததும் 37 மி.மீ. கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. ஆனால் 13 மி.மீ. பாதிக்கும் கீழே போய்விட்டது!

ஃபிலிம்பேட்ஜ்: போகத்தான் வேண்டும். இதுவரை ஸ்கேட்டர் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. மிச்சம் இருப்பது பகுதிக் கனஅளவு விளைவு. உடல் ஆழத்தில் ஸ்பெக்டின் கூர்மை ஏறக்குறைய 10 மி.மீ. என்றால், அதைவிடச் சற்றே பெரிய உருண்டையின் எண்ணிக்கை வெளியே கசியாமல் எப்படி இருக்கும்? இது சிமுலேஷன் கோளாறு இல்லை; நீங்கள் அளக்க வந்ததே இதைத்தான். 10, 13, 17, 22, 28, 37 மி.மீ. எல்லாவற்றுக்கும் மீட்பு விகிதத்தை (வைத்த ஆக்டிவிட்டியில் எவ்வளவு பங்கு படத்தில் வருகிறது) வரைபடமாகப் போடுங்கள். அதற்கு முன், இட்டரேஷனை (படத்தைத் திரும்பத் திரும்பச் சீராக்கும் சுற்றுகள்) கூட்டும்போது 13 மி.மீ. எண் இன்னும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், ரீகன்ஸ்ட்ரக்ஷனைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காமாக்கதிர்: ஏறுகிறது சார். இரைச்சலும் சேர்ந்தே ஏறுகிறது.

வாக்ஸல்வாசி: அது எல்லோருக்கும் உள்ளதுதான். எங்கே நிறுத்தினீர்கள் என்பதை வரைபடத்தின் கீழே எழுதிவிடுங்கள்.